மடுகரையில் மடித்த இரண்டாவது கவர்

சென்ற வாரம் எங்கள் ஆய்வு நிலையத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகிறது. புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று இப்போது அங்கே வேலை செய்யும் பெண்கள் கூப்பிட்டிருந்தார்கள். ஊதுவத்தி டப்பா அளவுதான் இருக்கிறது. மடிக்கணினியில் செருகினால், பயிரைக் கெடுக்கும் பூஞ்சையின் மரபணு எழுத்துகளை அங்கேயே படிக்க ஆரம்பித்துவிடுகிறது.

"இனிமே வரப்புல உக்காந்தே ரிசல்ட் பாக்கலாம் மேடம்" என்றாள் ஒருத்தி.

எங்கள் காலத்தில் மாதிரியைப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டு ஏழெட்டு வாரம் காத்திருப்போம் என்றேன். அவர்களுக்குச் சிரிப்பு. அப்போது எப்படி வேலை செய்தீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால், முப்பத்திரண்டு வருட வேலையில் ஒரே ஒரு காகிதக் கவர்தான் முன்னால் வந்து நிற்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வரவில்லை.

நான் பாகூர்க்காரி. தாவரவியல் படித்துவிட்டு ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் பத்து வருடம் கண்ணாடித் தட்டு கழுவினேன், பூஞ்சை வளர்க்க ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினேன், நெல்லிலும் கம்பிலும் கேழ்வரகிலும் எந்தப் புள்ளி எந்த நோய் என்று கண்ணால் பார்த்துச் சொல்லப் பழகினேன். அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு டாக்டர் ஜெயசீலன் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார்.

அவர் யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெருக்க வரும் அம்மாளுக்கும் "நீங்க"தான். குரல் உயராது. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி உண்டு. நாம் எதையாவது சொன்னால், கையிலிருக்கும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "பார்த்தீங்களா, நெனச்சீங்களா?" என்று கேட்பார். திட்டு வாங்குவது இதைவிடச் சுலபம். பார்த்தேன் என்றால் எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வெளிச்சத்தில் என்று அடுத்த கேள்வி வரும். நினைத்தேன் என்றால் கோபிக்க மாட்டார். "அப்ப போய்ப் பார்த்துட்டு வாங்க" என்பார். நான் பள்ளிக்கூட நாளிலிருந்தே தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். மணி உட்பட எழுதுவேன். அதனால் அவரிடம் எனக்குப் பயம் குறைவு. கொஞ்சம் கர்வம்கூட இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அவர் வந்த பிறகுதான் குலை நோய்ப் பூஞ்சையின் மரபணு வரிசையைப் படிக்கும் வேலை தொடங்கியது. குலை நோய் என்றால் நெல் போடுகிறவர்களுக்கு விளக்க வேண்டாம். மார்கழிப் பனியில் இலையில் கண் மாதிரி புள்ளி விழும், நடுவில் சாம்பல், ஓரம் பழுப்பு. முற்றினால் கதிரின் கழுத்து கறுத்து ஒடியும். கதிர் நிற்கும், உள்ளே பதர்தான்.

நோய் விழுந்த இலையைக் காகிதக் கவரில் மடித்துக் கொண்டுவருவோம். பிளாஸ்டிக்கில் வைத்தால் வியர்த்து அழுகிவிடும். இலைத் துண்டை மருந்து நீரில் கழுவி, ஈரமான வடிதாளில் வைத்தால், ஓரிரு நாளில் புள்ளியின் மேல் மெல்லிய சாம்பல் முடி கிளம்பும். அதில்தான் வித்துகள் இருக்கும். நுண்ணோக்கியில் பேரிக்காய் மாதிரி, உள்ளே இரண்டு தடுப்புப் போட்டுத் தெரியும். அதில் ஒன்றே ஒன்றை எடுக்க வேண்டும். இரண்டு வந்துவிட்டால் இரண்டு பூஞ்சையின் எழுத்தும் கலந்துவிடும், படித்தும் பயனில்லை. தீயில் இழுத்துக் கூராக்கிய கண்ணாடி ஊசியால், மூச்சை நிறுத்திக்கொண்டு எடுப்பேன். மின்விசிறி அணைந்திருக்கும். அந்த நேரத்தில் கதவைத் திறக்கிறவர்களை நான் மன்னித்ததில்லை.

அந்த ஒரு வித்து பஞ்சு மாதிரி வளர்ந்ததும், திரவ நைட்ரஜன் ஊற்றிக் கல்வத்தில் மாவாக அரைப்போம். நைட்ரஜனுக்குச் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு ஜீப் போய்வரும். பிறகு மருந்துகள், சுழற்றல், காத்திருத்தல். கடைசியில் குளிர்ந்த ஆல்கஹாலைக் குழாயின் ஓரமாக விட்டால், நூல் கண்டு பிரிந்த மாதிரி வெள்ளையாக ஒன்று மிதந்து வரும். அதுதான் டி.என்.ஏ. அந்தப் பூஞ்சைக்கு ஏறக்குறைய நான்கு கோடி எழுத்து. நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அது மிதந்து வரும்போது பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டத் தோன்றும்.

எழுத்துகளை ஒப்பிட்டு, எந்தப் பூஞ்சைக்கு எது உறவு என்று மரம் மாதிரி கிளை போட்டு ஒரு படம் வரும். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துப் பழைய பூஞ்சைகளைப் பல வருடமாக வடிதாளில் காயவைத்து உறைபெட்டியில் வைத்திருந்தோம். புதிதாக வருவது நம் ஊர் உறவா, வேற்று ஊரா என்று அதை வைத்துச் சொல்லலாம். எதற்கு இது என்றால், நம் ஊர்ப் பூஞ்சையைத் தாங்கும் நெல் ரகம், வேற்று ஊர்ப் பூஞ்சை வந்தால் தாங்காமல் போகலாம்.

ஒரு வருடம் மார்கழியில் மடுகரையில் நோய் விழுந்தது. அங்கே விதைக்காகவே நெல் போடும் குழு ஒன்று இருந்தது. குழுவின் தலைவர் கலியபெருமாள் போன் செய்து கூப்பிட்டார். நான் ஜீப்பில் போனேன். குழுவில் ஒருத்தியான ராசாத்திதான் என்னைக் கழனிக்கு அழைத்துப் போனாள். அவள் கணவர் சேதராப்பட்டில் ஷிப்ட் வேலை. விதைப்பிலிருந்து அறுப்பு வரை எல்லாம் அவள் பாடு. நாற்பது வயது இருக்கும். வரப்பில் என் செருப்பு வழுக்கியபோது திரும்பிப் பார்க்காமலே, "பாகூர்ல வரப்பே இல்லியா மேடம், எல்லாம் மாடிதானா?" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அங்கே இரண்டு கவர் மடித்தேன். ஒன்றில் "மடுகரை, ராசாத்தி" என்றும், மற்றதில் "மடுகரை, ராசாத்தி, கீ." என்றும் பென்சிலால் எழுதினேன். அதே சுற்றில் வேறு ஊர்களும் சேர்த்து நாற்பத்திரண்டு கவர்.

மறுநாள் என் மாமியாருக்குக் கண் அறுவை. பதினோரு நாள் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்து கவர்களைப் பதிவேட்டில் ஏற்றினேன். பதிவேட்டில் ஊர், விவசாயி, இலை இருந்த இடம் என்று கட்டங்கள். இலை மேலே இருந்ததா, நடுவிலா, கீழே இருந்ததா என்று மே., ந., கீ. என எழுதுவது எங்கள் வழக்கம். இரண்டாவது கவரைப் பார்த்து, ராசாத்தி கழனி, கீழ் இலை என்று ஏற்றினேன். என் கையெழுத்தை நானே படித்து ஏற்றினேன். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பெங்களூரிலிருந்து முடிவு வந்தபோது டாக்டர் படத்தை மேசையில் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தார். ராசாத்தியின் முதல் இலையில் இருந்தது பாகூர்ப் பக்கத்துப் பழைய பூஞ்சைக்கு நெருங்கிய உறவு. இரண்டாவது இலையில் இருந்தது எங்கள் சேமிப்பில் எதனோடும் சேரவில்லை. தனிக் கிளை.

"ஒரே கழனியில ரெண்டு விதமா?" என்றார். பென்சிலைக் கீழே வைத்தார். "ரெண்டும் அவங்க கழனிதானா? பார்த்தீங்களா, நெனச்சீங்களா?"

"பார்த்தேன் சார்" என்றேன். பதிவேட்டைத் திறந்து காட்டினேன். அவர் தலையசைத்தார்.

விதைக் குழுவுக்குக் கடிதம் போனது. புது வகைப் பூஞ்சை கண்ட கழனியிலிருந்து அந்தப் பருவம் விதை எடுப்பதில்லை என்பது குழுவே வைத்திருந்த விதி. ராசாத்தியின் நெல்லை விதைக்கு ஏற்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அந்த வருடம் அவள் திருவாண்டார்கோயில் பக்கத்திலிருந்து, தன் அம்மா வீட்டிலிருந்து, கொஞ்சம் நெல் கொண்டுவந்து ஓரமாக விதைத்திருந்தாள். நோயை அவள்தான் ஊருக்குள் கொண்டுவந்தாள் என்று பேச்சு கிளம்பியது. முதலில் சொன்னது அவள் கொழுந்தன் ஏகாம்பரம். பாகம் பிரித்த நிலம். வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடையது. அவர் விதைக்குப் போடுவதில்லை, விற்பனைக்குத்தான். அந்த வருடம் பாதிக்கு மேல் பதர். குழுவிலிருந்து அவளை நீக்க அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யப்போகிறார்கள் என்ற செய்தி எங்களுக்கும் வந்தது.

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னால், காலை பத்தரை மணிக்கு, இரண்டு பஸ் மாறி ராசாத்தி நிலையத்துக்கு வந்தாள். கையில் அந்தக் கடிதம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இன்னா மேடம் எழுதிக்கிறீங்க? படிச்சவங்க எழுதுனா கரெட்டாத்தான் இருக்கும்னு எங்கூட்டுக்காரு சொல்றாரு. எனக்குப் புரியல. அதான் கேக்க வந்தேன்."

நான் மெதுவாக விளக்கினேன். உங்கள் கழனியில் இரண்டு இலை எடுத்தேன், மேல் இலையில் ஒன்று, கீழ் இலையில் ஒன்று.

"எங்கழனில நீ ஒரு எலதான் பறிச்ச" என்றாள். மேடம் போய் "நீ" வந்திருந்தது. "ஒரு கவருதான் மடிச்ச. நான் பக்கத்துலதான நின்னேன்? ரெண்டாவது கவரு கீழாண்டல்ல மடிச்ச."

"கீழ் இலைதான், அதைத்தான் சொல்கிறேன்."

"அய்ய, எல இல்ல யக்கா. கீழாண்ட. எங்கழனிக்குக் கீழாண்ட, வரப்பு தாண்டி. எங்கொழுந்தன் கழனில. அவரு வில்லியனூரு போயிருந்தாரு, நாந்தான் எடுத்துக்க, சொல்லிக்கிறேன்னேன்."

எங்கள் பக்கத்தில் மேலாண்ட என்றால் மேற்குப் பக்கம், கீழாண்ட என்றால் கிழக்குப் பக்கம். பால்காரருக்கு வழி சொன்னாலும் குளத்துக்குக் கீழாண்ட மூணாவது வூடு என்றுதான் சொல்வோம். இதைப் பாகூர்க்காரிக்குச் சொல்லித்தர வேண்டாம். வரப்பில் நின்று "ராசாத்தி, கீ." என்று எழுதியவள் பாகூர்க்காரி, ராசாத்தி கழனிக்குக் கிழக்கே உள்ள கழனி என்று எழுதினாள். பதினோரு நாள் கழித்து மேசையில் உட்கார்ந்து அதைப் படித்தவள் ஆய்வக உதவியாளர். இருவரும் நான்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

கைப்பையில் நாட்குறிப்பு இருந்தது. அந்தத் தேதியைப் புரட்டினேன். என் எழுத்தில் இருந்தது: "7.40 மடுகரை. ராசாத்தி கழனி, இலை 1. வரப்பு தாண்டிக் கீழண்டைக் கழனி, இலை 1. உரிமையாளர் ஊரில் இல்லை. வரப்பில் வழுக்கினேன்."

"பார்த்தேன் சார்" என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. பார்த்தது பதிவேட்டை.

"மொதல்ல ஒக்காரு யக்கா" என்றாள் ராசாத்தி. அப்புறம் அவளே போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். நியாயமாக நான் கொடுத்திருக்க வேண்டிய தண்ணீர்.

டாக்டரிடம் போனேன். நாட்குறிப்பையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் படித்தார். அளவுகோலை எடுத்து, பதிவேட்டின் அந்த வரியில் மெல்லிய கோடு ஒன்று போட்டார். அடித்த எழுத்து படிக்கத் தெரிய வேண்டும் என்பது அவர் விதி. கோட்டுக்குப் பக்கத்தில் தேதி போட்டு, நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே விரலை வைத்தார். போட்டேன். கீழே அவரும் போட்டார். "நானும் பதிவேட்டைத்தான் பார்த்தேன், கவரைக் கேட்கலை" என்றார். பிறகு, "கடிதம் போட்டா பத்தாது. கூட்டத்துக்கு நாம போகணும்."

வாசலில் நின்றிருந்த ராசாத்தியிடம் அவரே போய்ச் சொன்னார். தப்பு எங்களுடையது, உங்கள் கழனியில் இருப்பது பழைய பூஞ்சைதான், கூட்டத்தில் வந்து சொல்கிறோம் என்றார். அவள் முகம் ஒரு கணம்தான் விரிந்தது.

"சார், ஒண்ணு கேக்கறேன். அது எங்கொழுந்தன் கழனின்னு சொல்லாம சொல்ல முடியுமா?"

"அவர்தானேம்மா உங்களைப் பற்றி அப்படிப் பேசினார்?"

"பேசுனாரு. என் பேர அடிச்சிட்டு அவரு பேர எழுதுனீங்கன்னா, நாளைக்கி அவரு வூட்டாண்ட போய் இதே பேச்சு பேசுவானுங்க. நான் ஒரு மாசமா கேக்கறேன் சார் அந்தப் பேச்ச. வேணாம்."

டாக்டர் யோசித்தார். "எது எதுக்கு உறவுன்னுதான் எங்க படம் சொல்லும். யார் கொண்டு வந்தாங்கன்னு சொல்லாது. காத்துல வந்திருக்கலாம். நாங்க பார்க்காததை நாங்க சொல்ல மாட்டோம். யார் கழனின்னும் சொல்லலை" என்றார்.

கூட்டம் விதைக் கிடங்கில் நடந்தது. குழுவும் ஊராருமாக முப்பது பேர் இருக்கும். ராசாத்தி சுவரோரம் தனியாக நின்றாள். ஏகாம்பரம் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். டாக்டர் எழுந்து, "நாங்கள் ஒரு தவறு செய்துவிட்டோம்" என்று ஆரம்பித்தார். நாங்கள் என்ற சொல்லுக்குள் என்னால் ஒளிந்துகொண்டிருக்க முடியவில்லை. எழுந்து, "எழுதினது நான்தான்" என்றேன். கவரில் எழுதியதையும் அதைத் தவறாகப் படித்ததையும், கிழக்கு என்ற சொல்லைச் சொல்லாமல், சுற்றி வளைத்துச் சொன்னேன். இரண்டாவது மாதிரி இவர் கழனியுடையது இல்லை, வேறொரு கழனியுடையது என்றேன்.

"கவருல ஒரு பேரு ஒழுங்கா எழுதத் தெரியாததுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கேட்டது நியாயம்தான்.

"அப்ப யாரு கழனிது அது?" என்றார் கலியபெருமாள்.

"அதைச் சொல்வதற்கில்லை" என்றார் டாக்டர். "எல்லாரும் விதை நேர்த்தி செய்யுங்க, அறுத்த தாளை உழுதுவிடுங்க, வரப்புப் புல்லை அறுங்க. யார் கழனியா இருந்தாலும் செய்ய வேண்டியது அதேதான்."

"அது எப்பிடி சார்? இவ்ளோ நாளு இந்தம்மா பேர மட்டும் சொன்னீங்க?"

சத்தம் கூடியது. ராசாத்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏகாம்பரம் திரும்பி அண்ணியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். மார்கழியில் ஒரு மேடம் வந்து அவர் கழனியில் இலை பறித்துப் போனதை அவள் அவரிடம் சொல்லியிருப்பாள்தானே.

"எங்கழனிப்பா" என்றார், உட்கார்ந்தபடியே. "வேற யாரு கழனி? அவங்க வரப்புக்கு அந்தாண்ட நான்தான கீறேன். உடுங்க."

கலியபெருமாள் கண்ணாடியைத் துடைத்தார். யாரும் ஏகாம்பரத்தை ஒன்றும் கேட்கவில்லை. அவராகச் சொன்னதால் இருக்கலாம். இது நான் பார்த்தது இல்லை, நினைப்பது, அவ்வளவுதான். ராசாத்தியின் நெல்லை விதைக்கு ஏற்பதாகக் கலியபெருமாள் நோட்டில் எழுதி, படித்துக் காட்டினார்.

வரும் வழியில் ஜீப்பில் டாக்டர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "இனிமே கவர்ல எண் மட்டும் போடுவோம்" என்றார். அப்படியே செய்தோம். திசை, இலை, பெயர் எல்லாம் அங்கேயே, அந்த நிமிஷமே, முழுச் சொல்லாக நோட்டில் ஏறும். சுருக்கெழுத்தே கிடையாது.

அடுத்த விதைப்புக்கு முன்னால் குழு ஊராருக்கு விதை கொடுக்கும் நாளில், முளைப்புச் சோதனைக்கு மாதிரி எடுக்க மறுபடி மடுகரைக்குப் போனேன். ராசாத்தியின் நெல் கிடங்கின் நடுவில் அம்பாரமாகக் குவிந்திருந்தது. அவளே மரக்காலால் அளந்து போட்டுக்கொண்டிருந்தாள். வரிசை இருந்தது. வரிசையில் ஐந்தாவது ஆளாக ஏகாம்பரம், தோளில் கோணிப்பையோடு நின்றார். அன்றைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை. கையில் மாதிரி நெல்லை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அவர் முறை வந்தது. கோணியை விரித்துப் பிடித்தார். ராசாத்தி மரக்காலை நெல்லுக்குள் செருகினாள், அள்ளவில்லை.

"தம்பி, இதுல போன வருசம் பதர அள்னீங்களா?"

"ரெண்டு நாளு வெயில்ல காய வச்சேன் அண்ணி. ஒதறிட்டுதான் எடுத்தாந்தேன்."

"திருப்பிக் காட்டுங்க."

அவர் கோணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார், மூலைகளைக் கூட இழுத்துவிட்டார். ராசாத்தி குனிந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"புடிங்க" என்றாள். முதல் மரக்காலைத் தலை தட்டாமல், குவிந்தது குவிந்தபடியே போட்டாள்.